ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம்: நீலகிரி நாட்குறிப்பு

வியாழன் இரவு, மேட்டுப்பாளையம்

தம்பி லக்சம்பர்க்கில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்குப் பொள்ளாச்சி வந்தவன், வீட்டில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த ஊர் நடைக் குழுவைப் பற்றித்தான் பேசினான். ஞாயிற்றுக்கிழமையானால் பத்துப் பதினைந்து பேர், வழி தெரிந்த ஒருவரோடு ரயிலேறுகிறார்கள். கௌட்டன்பாக் என்றொரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, காடும் ஆறுமாக நடந்து வில்ட்ஸ் என்ற ஊரில் மறுபடி வண்டி பிடிக்கிறார்கள். டிக்கெட் கிடையாது. 2020 பிப்ரவரி கடைசியிலிருந்து அந்த நாட்டில் ரயில், பஸ், டிராம் எல்லாமே இலவசம். முதல் வகுப்பில் உட்கார்ந்தால்தான் காசு.

"உங்க நாடு எத்தனை பெருசுடா?" என்று கேட்டேன். 2,586 சதுர கிலோமீட்டராம். நீலகிரி மாவட்டமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். மக்கள்தொகையும் அப்படித்தான்: அங்கே ஆறே முக்கால் லட்சத்தை ஒட்டி, இங்கே 2011 கணக்கெடுப்பில் 7,35,394. ஒரு மாவட்டத்துக்கு ராஜா, பாராளுமன்றம், தனி ஸ்டாம்பு எல்லாம் கொடுத்து நாடு என்கிறார்கள் என்று அப்பா சிரித்தார்.

தம்பி சிரிக்கவில்லை. "அப்போ நீலகிரியிலயும் இதைச் செய்யலாம்ல அக்கா? இங்கயும்தான் ரயில் இருக்கு" என்றான்.

அதனால்தான் இப்போது மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் இருக்கிறோம். கார் எடுக்கவில்லை. மலைக்கு வண்டி கொண்டு போனால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். ரயிலில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நடக்க வேண்டிய இடத்துக்கு ஸ்டேஷனிலிருந்தே நடந்து போவது, முடிந்தால் வேறொரு ஸ்டேஷனில் ஏறுவது என்று பேசி வைத்திருக்கிறோம். வழி காட்ட ஆள் இல்லாமல் எங்கும் நுழைவதில்லை என்பது அம்மா போட்ட நிபந்தனை.

வெள்ளி, குன்னூர்

வண்டி காலை 7.10. நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வந்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு பெட்டியை இழுத்துக்கொண்டு நீல நிறப் பெட்டிகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். என்ஜின் பின்னால் நின்றது. இந்த மலையில் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் என்ஜின் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும்.

கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரண ரயில் மாதிரிதான் போகிறது. கல்லாறு தாண்டியதும் அடியில் ஒரு கடகடப்பு. தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால், ஏதாவது ஒரு பல்லாவது எந்நேரமும் பிடித்தபடி இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் ஏற்பாடு இது. பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி உயரம், அத்தனை செங்குத்து. குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு இப்படித்தான். வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது.

பழைய என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து கப்பலில் வந்தவை. அதே ஜாதி என்ஜினை இந்த நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகக் கட்டினார்கள், கரிக்குப் பதிலாக எண்ணெயில் ஓடுவதாக. தம்பி மெக்கானிக்கல் படித்தவன், நாலு சிலிண்டரைப் பற்றி எதிர் சீட்டு தாத்தாவுக்குப் பாடம் எடுத்தான்: இரண்டு சிலிண்டர் சாதாரண சக்கரத்துக்கு, அங்கே வேலை முடித்த நீராவியே அடுத்த இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. தாத்தா கடைசிவரை கேட்டுவிட்டு, நாற்பது வருஷம் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு அட்டர்லி வரை தம்பி ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி வந்தான்.

கல்லாறு கடல்மட்டத்திலிருந்து 405 மீட்டர், ஹில்குரோவ் 1,092. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ தம்பி கையைத் தட்டி, "இதோ, எங்க நாட்டோட உச்சியைத் தாண்டிட்டோம்" என்றான். லக்சம்பர்க்கின் மிக உயரமான இடம் 560 மீட்டராம். நமக்குப் பயணமே அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

ஹில்குரோவில் என்ஜினுக்குத் தண்ணீர், நமக்கு டீயும் வடையும். வடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது, குரங்குகள் யோசிப்பதில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். அவர்கள் ஒருவருக்கொருவர் கொடி காட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பாதிக் குகைகளை எண்ண மறந்துவிட்டோம். மொத்தம் பதினாறு குகை, 208 வளைவு, 250 பாலம் என்று ஸ்டேஷன் பலகையே சொல்லிவிடுகிறது.

அட்டர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு ஆகிய ஸ்டேஷன்களில் இறங்கி நடக்கலாமா என்று அந்த ஓய்வுபெற்ற ஃபிட்டர் தாத்தாவிடம் கேட்டோம். தலையை ஆட்டினார். சுற்றிலும் காப்புக் காடு, யானை நடமாட்டம், தண்டவாளத்தைத் தவிர வழி இல்லை, தண்டவாளத்தில் நடப்பது குற்றம். போட்டோ எடுக்கிறேன் என்று பாலத்தில் ஏறுகிறவர்களைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுத முடியாது. ஆகவே நடக்கத் தோதான பகுதி குன்னூருக்கு மேலேதான்: வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. சில கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன், சுற்றிலும் ஊர்கள். இந்தப் பாதையைப் போட்டவர்கள் குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் கொண்டுவந்தார்கள். நடப்பவர்களை நினைத்துப் போட்டதில்லை. ஆனாலும் நடப்பவர்களுக்கு அளவெடுத்த மாதிரி அமைந்துவிட்டது.

பத்தரை மணிக்குக் குன்னூர். நீராவி என்ஜின் கழன்றுகொள்ள, டீசல் வந்து மாட்டியது. நாங்கள் இறங்கிவிட்டோம்.

மதியம் லேம்ப்ஸ் ராக் வரை எஸ்டேட் வழியாக நடை. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தேயிலை, சில்வர் ஓக், கடைசியில் ஒரு பாறை விளிம்பு, கீழே கோயம்புத்தூர்ச் சமவெளி. பாதி தூரம் கார்கள் ஓடும் ரோட்டிலேயே நடக்க வேண்டியிருக்கிறது. ஹார்ன் சத்தத்தில் வழிகாட்டிப் பையன் சொன்ன பறவைப் பெயர்களில் பாதி காதில் விழவில்லை. சீகாரப் பூங்குருவி மட்டும் ஓடை ஓரத்தில் யாரோ வேலையில்லாதவர் சீட்டியடிப்பது போலப் பாடிக்கொண்டிருந்தது. திரும்பும்போது பஸ் பிடித்தோம்.

தண்ணீர் பாட்டிலை மறக்காமல் கொண்டுவாருங்கள். மாவட்டத்தில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் விற்கத் தடை.

சனி, கேத்தி முதல் லவ்டேல் வரை

இந்தப் பயணத்தில் எதற்காக வந்தோமோ அது இன்றுதான்.

குன்னூரிலிருந்து காலை முதல் வண்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பாட்டிகள். சுற்றுலாக்காரர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. வெலிங்டனில் ராணுவம், அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, இரண்டையும் தாண்டியதும் யூக்கலிப்டஸ் வாசனையோடு கேத்தி. 2,092 மீட்டர். இறங்கியவர்கள் எங்களோடு சேர்த்து ஐந்தாறு பேர். அதில் ஒருவர் எங்களை நோக்கி வந்தார்: அறுபது வயதிருக்கும், கம்பளிக் குல்லா, கையில் குச்சி, காலில் சாதாரண ரப்பர் பூட்ஸ். பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த படுகர்; ஹட்டி என்றால் படுகர் ஊர். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது வழிகாட்டியாகப் போகிறார். குன்னூரில் எங்களைத் தங்கவைத்தவர்கள் சொல்லி அனுப்பிய ஆள். நாங்கள் அண்ணா என்றே கூப்பிட்டோம்.

"சாப்பாடு இருக்குதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். புளிசாதம் கட்டியிருக்கிறோம் என்றதும் நடக்கத் தொடங்கிவிட்டார்.

தம்பி போனில் ஒரு வரைபடச் செயலி வைத்திருந்தான். லக்சம்பர்க்கில் அதுவே வழிகாட்டி. அதுவும் இல்லையென்றால் மரத்துக்கு மரம் அடையாளம் வரைந்திருக்கும், எந்த மடையனும் தொலைந்துபோக முடியாது. இங்கே அந்தச் செயலி ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு பாதையைக் காட்டியது. அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க அப்பா காலத்து வழி தம்பி. அங்க இப்ப காட்டேஜ் கட்டி கேட் போட்டுட்டாங்க" என்றார். வேறு பக்கமாக, ஒரு வீட்டின் கொல்லைப்புறம் வழியாக, பசுக்கொட்டகையை ஒட்டி இறங்கினோம். வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டே படுகு மொழியில் எதையோ கேட்டார், இவர் எதையோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். எங்களைப் பற்றித்தான்.

கேத்திப் பள்ளத்தாக்கை ரயிலிலிருந்து பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் படிப்படியாகப் பச்சை, ஆங்காங்கே கலர் கலராக வீடுகள். உள்ளே இறங்கினால்தான் அந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஒருவருடைய உழைப்பு என்று முழங்காலுக்குத் தெரிகிறது. கேரட், பீட்ரூட், உருளை, பூண்டு, முட்டைக்கோஸ். பள்ளத்தின் அடியில் பாலாடா பக்கம் கேரட்டைக் கொட்டிக் கழுவும் இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. மண்ணாகப் போனது ஆரஞ்சாக வந்து விழுந்தது. அறுவடை ஆட்கள் விடிவதற்கு வெகு முன்பே, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு, இந்தக் குளிரில் வயலில் இறங்கிவிடுகிறார்களாம். அப்போதுதான் மூட்டை நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச்சேரும். நேற்று நாங்கள் ரயிலில் மெதுவாக ஏறி வந்த மலையில் இவர்களுடைய கேரட் லாரியில் வேகமாக இறங்குகிறது.

ஒரு வயலோரம் நடுத்தர வயது அம்மா ஒருவர் அண்ணாவைக் கூப்பிட்டு, கை நிறைய கேரட்டைத் தழையோடு பிடுங்கிக் கொடுத்தார். தம்பி பர்ஸை எடுத்தான். அண்ணா அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்த அம்மா பார்க்காதபடி கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "காசு குடுத்துப் பழக்கிட்டா, அடுத்த தடவை இந்த வரப்புல நான் சும்மா நடக்க முடியாது தம்பி."

அதற்குப் பிறகு நான் வழியைவிட அவரைத்தான் அதிகமாகக் கவனித்தேன். எங்கே வரப்பில் நடக்கலாம், எங்கே சுற்றிப் போக வேண்டும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டில் சாவு விழுந்து பதினைந்து நாள் ஆகவில்லை, ஆகவே சிரித்துப் பேசாமல் கடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பி ஊரில் பாதை பொதுவுடையது, குறி போட்டு வைத்திருக்கிறார்கள், யாரும் நடக்கலாம். இங்கே பாதை என்பது ஊர்க்காரர்களுக்குள் உள்ள பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள் நம்மைக் கூட்டிப் போகிற ஆளுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். யானைக்கும் கரடிக்கும் பயந்துதான் வழிகாட்டி வேண்டும் என்று அம்மா நினைக்கிறார். கேத்தியில் அதைவிட வயல்காரர்களுக்காக வேண்டும்.

கரடி இல்லை என்று சொல்லவில்லை. தேயிலைக்குள் வழி வளைகிற இடத்திலெல்லாம் அண்ணா குச்சியால் சில்வர் ஓக் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திரும்பினார். ஓரிடத்தில் கையைப் பின்னால் நீட்டி நிறுத்தினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்புறம் நாங்கள் பாறை என்று நினைத்தது தலையைத் தூக்கியது. காட்டெருமை, தனியாக, தேயிலைச் செடி அதன் வயிறு வரைதான் இருந்தது. கூட்டமாக நின்றால் அவ்வளவு கவலையில்லை, ஒண்டியாக நிற்கிற கடா மாடுதான் ஆபத்து என்றார். நாங்கள் பக்கத்து மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அது மேய்ந்தது. நாங்கள் கேரட்டைக் கடித்தோம். அரை மணி நேரம் போயிற்று. லக்சம்பர்க் நடைக்குழுவில் அட்டவணை நிமிஷக் கணக்காம். தம்பி மணி பார்க்க ஆரம்பித்தான். "மாட்டுக்கு அவசரம் இல்லையே தம்பி" என்றார் அண்ணா.

அது ஒருவழியாகச் சரிவில் இறங்கிப் போன பிறகு, அண்ணாவின் ஹட்டியில் டீக்கு நின்றோம். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி வீடுகள், எதிரே திறந்த வெளி, ஓரமாகக் கோயில், ஊர்க்கூட்டம் கூடும் கல் மேடை. பெரியவர்கள் இருவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணா வீட்டில் வர்க்கியும் டீயும் கொடுத்து, சோற்றோடு உதக்கா என்ற அவரைக் குழம்பும் சாப்பிடச் சொன்னார்கள். எங்கள் புளிசாதத்தை அவர்கள் பேத்தி காலி செய்தாள். ஹெத்தை அம்மன் பண்டிகை இந்த மாதத் தொடக்கத்தில்தான் முடிந்ததாம். பேரகணிக்கு வெள்ளை உடுத்து நடந்து போனதைப் பற்றி அண்ணாவின் மனைவி நெடுநேரம் பேசினார். நாங்கள் பொழுதுபோக்காக நடப்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "ரயில் இருக்குதில்ல? பின்ன எதுக்கு நடக்கறீங்க?" நல்ல கேள்விதான்.

பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு சரிவைக் காட்டி, அதுதான் கொல்லிமலை என்றார் அண்ணா, கோத்தர் பழங்குடியினரின் ஏழு ஊர்களில் ஒன்று. (நாமக்கல் கொல்லிமலை வேறு.) பானை, இரும்பு வேலை, வாத்தியம் எல்லாம் ஒரு காலத்தில் அங்கிருந்துதான் படுகர் ஊர்களுக்கு வந்தன, தானியம் இங்கிருந்து அங்கே போனது. ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஒற்றையடிப் பாதைகள் போட்டது அந்தக் கொடுக்கல் வாங்கல்தான். மலை ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. பாதைகளுக்கு யார் பட்டியல் போடுவது? காட்டேஜ்காரர் ஒருவர் கேட் போட்டால் ஒரு பாதை முடிந்தது. இன்று மட்டும் அப்படி அடைபட்ட இடங்களை மூன்று நான்கு முறை சுற்றிப் போனோம்.

மண்சரிவின் தழும்பையும் காட்டினார். 2009 நவம்பரில் விடாமல் பெய்த மழையில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கேத்தி, அச்சனக்கல் பக்கம் கடுமையான அடி. இப்போது அந்த இடத்தில் புல் மூடியிருக்கிறது. தெரியாதவர் பார்த்தால் மேய்ச்சல் நிலம் என்பார். குன்னூர், கேத்தி, கோத்தகிரி பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஊட்டிக்கு மேற்கே குந்தா மலைகளுக்குத் தென்மேற்கு. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழைக்காலம். அக்டோபர், நவம்பரில் நடக்கக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்றார் அண்ணா. அந்த மாதங்களில் கீழே ரயில் பாதையிலும் அடிக்கடி பாறை விழுந்து வண்டி நின்றுவிடும்.

கடைசி ஏற்றம் லவ்டேலுக்கு. 2,345 மீட்டர், இந்தப் பாதையிலேயே உயரமான ஸ்டேஷன். ஊட்டிகூட இதற்குக் கீழேதான். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் முக்கால் மணி நேரம் ஏறினோம். தம்பி பேச்சை நிறுத்தியிருந்தான். அறுபது வயது ரப்பர் பூட்ஸ் முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

மாலை வண்டி ஐந்து மணி சுமாருக்கு வந்தது. அண்ணா எதிர்த் திசை வண்டிக்குக் காத்திருக்காமல், வந்த வழியே இறங்கிவிட்டார். இருட்டுவதற்குள் வீடு போய்விடுவாராம். நாங்கள் நாள் முழுக்க எடுத்துக்கொண்ட தூரம்.

ஞாயிறு, ஊட்டி

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே மைதானம் வெளுத்துக் கிடந்தது. உறைபனி. நிறுத்தியிருந்த கார்களின் மேல் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைகுந்தா பக்கம் இன்னும் அதிகம் என்றார் டீக்கடைக்காரர்.

இன்று கேர்ன்ஹில். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும், நடந்தே போய்விட்டோம். இது காப்புக் காடு, ஆகவே வனத்துறை வழியாக முன்பதிவு செய்துதான் நுழைய முடியும். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 14 மாவட்டங்களில் 40 தடங்கள். அதில் இதுவும் ஒன்று, எளிதான வகை. இணையத்தில் பணம் கட்டினால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். பெயர் வாங்கி, கையெழுத்து வாங்கி, விதிமுறை படித்துக் காட்டித்தான் விட்டார்கள். குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு வந்த விதிகள் இவை. எனக்கு முணுமுணுக்கத் தோன்றவில்லை.

வழிகாட்டி இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். முதலில் சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் பாதை, வெளிநாட்டுக் காலண்டர் மாதிரி. எல்லோரும் படம் எடுத்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு, "இது நட்டது. இப்ப நிஜமான காட்டுக்குப் போலாங்களா?" என்றாள்.

சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்து, குளிரும் வேறு மாதிரி ஆயிற்று. மரங்கள் உயரமில்லை, முறுக்கிய கிளைகள், கிளை முழுக்கப் பாசி, பாசிக்கு மேல் ஆர்க்கிட். கீழே இலைமக்கு மெத்தென்று. ஓரிடத்தில் அவள் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தாள்; மழை பெய்து நாளாகியும் தண்ணீர் சொட்டியது. பவானிக்கும் மோயாறுக்கும் கோடையில் வருகிற தண்ணீர் இந்த மாதிரி இடங்கள் பிடித்து வைத்து விடுவதுதான்.

காலையில் பார்த்த உறைபனிக்கு இங்கேதான் அர்த்தம் கிடைத்தது. நீலகிரியின் மேல்மட்டத்தில் காடு மடிப்புகளில் மட்டும் இருக்கும், மேடெல்லாம் புல்வெளி. மரத்தை வெட்டியதால் வந்த புல் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், திறந்த வெளியின் உறைபனியில் கன்று கருகிவிடும். மரநிழலுக்குக் கீழே பனி இறங்காது, அங்கே மட்டும் பிழைக்கும். புல்லுக்குப் பனி பொருட்டில்லை. இப்படியே ஆயிரக்கணக்கான வருஷமாக இரண்டும் தங்கள் எல்லைக்குள் இருந்திருக்கின்றன. பனியைத் தாங்கிப் புல்வெளியில் தனியாக நிற்கிற சோலை மரம் காட்டுப் பூவரசு ஒன்றுதான், சிவப்புப் பூவோடு. வெறும் புல்தானே, வீணாகக் கிடக்கிறதே என்று வெள்ளைக்காரர்கள் வாட்டிலும் யூக்கலிப்டஸும் பைனும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விடாமல் நட்டோம். இன்று ஊட்டி என்றால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது பைன் காடுதான்; சினிமாக்காரர்கள் புண்ணியம்.

கருமந்திகள் இரண்டு மேலே கிளை மாறின. நீலகிரி ஈப்பிடிப்பான் ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் அதே கிளைக்குத் திரும்பித் திரும்பி வந்தது. சிரிப்பான் பறவைகள் எங்கேயோ சிரித்தன, கண்ணில் படவில்லை. தம்பி சும்மா இருக்காமல், எங்கள் ஊரில் மணற்பாறை இடுக்குகளில் 112 கிலோமீட்டர் நீள முல்லர்டால் தடம் இருக்கிறது, அதற்குப் பேரே குட்டி சுவிட்சர்லாந்து என்று அவளிடம் சொன்னான். அவள் யோசித்துவிட்டு, "அங்க புலி இருக்குங்களா?" என்றாள். இல்லை என்றான். "அப்ப நீளமா நடக்கலாம்" என்றாள்.

குறிஞ்சி எப்போது என்று யாரோ கேட்டார்கள். பன்னிரண்டு வருஷக் குறிஞ்சி கடைசியாக 2018-ல் பெரிய அளவில் பூத்தது, அடுத்தது 2030. தம்பி போனில் குறித்துக்கொண்டான்.

திங்கள், இறக்கம்

காலையில் பெய்த மூடுபனி பத்து மணி வரை கலையவில்லை. தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை இரவுப் பனிக்கு மிலார் செடிகளைப் போட்டு மூடியிருந்ததைப் பார்த்ததோடு சரி. தொட்டபெட்டாவுக்குப் போகவில்லை, 2,637 மீட்டரும் ரோடு, மேலே பார்க்கிங். நடக்க வந்தவர்களுக்கு அங்கே வேலையில்லை.

மதியம் இரண்டு மணி வண்டியில் இறங்கினோம். ஏறும்போது ஐந்து மணி நேரம் ஆன தூரம் இறங்கும்போது மூன்றரை மணி நேரம்தான். குன்னூருக்குக் கீழே நீராவி என்ஜின் முன்னால் நின்று பாரத்தைத் தாங்க, பிரேக்ஸ்மேன்கள் இப்போதுதான் உண்மையாக வேலை செய்கிறார்கள். எங்கள் பெட்டிக்காரரின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தோம். கல்லாறு வந்ததும்தான் அவர் தோளைத் தளர்த்தினார்.

தம்பி தாளில் ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வந்தான்: வெலிங்டனிலிருந்து அரவங்காடு, அரவங்காட்டிலிருந்து கேத்தி, லவ்டேலிலிருந்து ஊட்டி, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நடைத்தடம், மரத்துக்கு மரம் மஞ்சள் குறி. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். காட்டேஜ் கேட்டுகளுக்கு முன்னால் பழைய பாதைகளைப் பொதுப்பாதையாகப் பதிவு செய்ய வேண்டும், அது அவசரம். மஞ்சள் குறி போட்டால் மறுநாளே பாலாடா வரப்புகளில் ரீல்ஸ் எடுக்க ஆள் வரும். கேரட் கொடுத்த அம்மா வேலி போட்டுவிடுவார். குறிக்குப் பதில் ஹட்டிக்கு ஒருவரை வழிகாட்டியாக வைத்தால் போதும் என்பது என் கட்சி. மேட்டுப்பாளையம் வரை இதே சண்டை. கோவை பாசஞ்சரில் ஏறிய பிறகும் முடியவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் காலை வண்டிக்கு முன்பதிவு திறந்ததும் இடம் தீர்ந்துவிடும், ஆகவே முந்துங்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஓடும் வண்டிகளில் முன்பதிவில்லாமலே ஏறலாம், ஆனால் நாளைக்கு ஒருசில வண்டிகள்தான். லவ்டேலில் மாலை வண்டியைத் தவறவிட்டால் ரோட்டுக்கு ஏறி பஸ் பிடிக்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை நடக்க நல்ல காலம். கேத்திப் பள்ளத்தில் ஹோட்டல் கிடையாது, சோறு கட்டிக்கொள்ளுங்கள். வழியில் யாராவது கேரட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு நீட்டாதீர்கள்.